டிரெய்லர் டயரைக் கண்காணிக்க எது நல்லது? காற்று மீட்டர், வெப்பத் துப்பாக்கி, மூடி சென்சார், உள் சென்சார்

காரில் ஒரு டயர் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், சீட்டுக்கு அடியில் தடதடக்கும், ஓட்டுகிறவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்னால் மாட்டியிருக்கும் கேரவன் டிரெய்லரில், அதாவது தங்கிச் சமைக்க வசதியுள்ள இழுவை வண்டியில், டயர் இறங்கினால் இப்படி எதுவும் தெரியாது. ஸ்கார்ப்பியோ, ஹைலக்ஸ் மாதிரி டீசல் வண்டிகளின் இழுவைக்கு, காற்றில்லாத ஒரு சின்ன டயரை இழுத்துக்கொண்டு போவது பெரிய வேலையே இல்லை. சமயநல்லூரில் இறங்க ஆரம்பித்த காற்று, வாடிப்பட்டி தாண்டிப் பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டும்போதுதான் தெரியவரும். அதற்குள் டயர் கிழிந்து பட்டை பட்டையாகச் சுழன்று, மேலே இருக்கும் தகட்டை அடித்து, அது வழியாகப் போகும் வயரையோ சமையல் கேஸ் குழாயையோ பிய்த்திருக்கும்.

இரண்டு ஆக்சில் உள்ள டிரெய்லர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு டயர் இறங்கினாலும் அதே பக்கத்தில் இருக்கும் அடுத்த டயர் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டி சாயாது, அதனால் கண்ணாடியில் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த அடுத்த டயர் தன் சுமையோடு மற்றதன் சுமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரும். இரண்டு நாள் கழித்து வெடிப்பது அதுவாகத்தான் இருக்கும். "நல்லா இருந்த டயர் எப்படிண்ணே வெடிச்சுது?" என்று கேட்பவர்கள் பலரின் கதை இதுதான்.

காரில் இருக்கும் எச்சரிக்கை விளக்கு டிரெய்லருக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அமைப்புக்குத் தன் நான்கு சக்கரங்களை மட்டும்தான் தெரியும். பல கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. ஏ.பி.எஸ். கருவி சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். சட்டமும் பெரும்பாலும் காரைப் பற்றித்தான் பேசுகிறது. அமெரிக்காவில் 2000-ல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து, 2007 செப்டம்பருக்குப் பிறகு வந்த கார்களில், காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். டிரெய்லர்கள் அதில் வராது. நம் நாட்டில் 2020-ல் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், டியூப்லெஸ் டயரும் காற்றுக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. அதுவும் டிரெய்லரைப் பற்றியது அல்ல. ஆகவே டிரெய்லர் டயருக்கு என்ன காவல் என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையைச் சுற்றி ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு, ஓடும்போது காற்றைப் பார்க்க வால்வில் திருகும் மூடி சென்சார், நிற்கும்போது சூட்டைப் பார்க்க வெப்பத் துப்பாக்கி (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி), இரண்டும் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க ஒரு நல்ல காற்று மீட்டர். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் முழுமை. சிலருக்கு மட்டும் டயருக்குள்ளே பொருத்தும் சென்சார் பொருந்தும். செல்போனோடு மட்டும் பேசும் புளூடூத் சென்சாரை டிரெய்லருக்கு வாங்க வேண்டாம். ஏன் என்பது கீழே.

காற்றும் சூடும்: கணக்கு

எந்தக் கருவியை வாங்கினாலும் அது காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டும். டயரில் வைக்க வேண்டிய அளவு என்று சொல்வதெல்லாம் குளிர்ந்த டயருக்குத்தான். அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நிழலில் நின்ற பிறகு. காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 50 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) வைத்துக் கிளம்புகிறீர்கள் என்று வையுங்கள். ஓட்டத்தில் டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரிக்கு வந்தால், ஒரு சொட்டுக் காற்றுகூடச் சேராமலே மீட்டர் 56 காட்டும். 65 பாயிண்ட் வைத்த டயர் என்றால் ஏறக்குறைய 73. இது இயல்பு. டயர் கம்பெனிக்காரர்கள் இதையும் கணக்கில் எடுத்துத்தான் டயர் செய்கிறார்கள்.

திருமங்கலம் தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தி, சூடான டயரில் 56 இருப்பதைப் பார்த்து 50-க்கு இறக்கினால், அடுத்த நாள் காலை அதில் 44-தான் இருக்கும். குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு ஏறும். சூடு ஏற ஏற உள்ளே கம்பிப் பட்டைக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு தளரும். ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டன் (சாலையில் படும் ரப்பர்ப் பகுதி) தனியாக உரிந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சூட்டில் காற்றை இறக்கவே கூடாது.

நைட்ரஜன் அடித்தால் சூட்டில் ஏறாது என்று பங்க்கில் சொல்வதை நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் அதே கணக்கில்தான் விரியும். ஈரப்பசை இல்லாதது நல்லதுதான், ஆனால் நைட்ரஜன் அடித்துவிட்டோம் என்பதற்காகக் கண்காணிப்பை விட்டுவிட முடியாது.

அப்புறம், எவ்வளவு வைப்பது? டிரெய்லர் செய்தவர் ஒட்டிய தகட்டில் உள்ளதை வையுங்கள். தகடு இல்லையென்றால் டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பாருங்கள். சின்ன டிரெய்லர்கள் பலவற்றில் டாடா ஏஸ் மாதிரி லோடு வண்டிக்குப் போடும் 8 பி.ஆர். (டயரின் சுமை தாங்கும் வலுவைக் குறிக்கும் எண்) டயர்களைத்தான் மாட்டுகிறார்கள். அவை 65 பாயிண்ட் வரை தாங்குபவை. பங்க்கில் காற்றுப் பிடிக்கிற தம்பிக்கு 33, 35 என்று கை பழகியிருக்கும். "65 வைப்பா" என்றால், "வெடிச்சிரும்ணே" என்று தயங்குவார். பக்கச்சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினால் புரிந்துகொள்வார். பல பங்க் மெஷின்கள் அவ்வளவு தூரம் ஏற்றவும் செய்யாது. லாரிக்குக் காற்றுப் பிடிக்கும் டயர் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதோடு ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சிலிண்டர், பாய், பாத்திரம் எல்லாம் ஏற்றி, ஒரு எடை மேடையில் டிரெய்லரை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. அதிகச் சுமையில் ஓடும் டயரை எந்த சென்சாராலும் காப்பாற்ற முடியாது.

கையும் காற்று மீட்டரும்

செலவில்லாத வழி இது. காலையில் கிளம்பும் முன் ஒவ்வொரு டயரிலும் மீட்டர் வைத்துப் பார்ப்பது, டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் டயரையும் ஹப்பையும் (சக்கரத்தின் நடுக்குடம்) உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பது. லாரி டிரைவர்கள் சின்னச் சுத்தியலால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பதும் இந்த வகைதான். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நிற்கும் இடமெல்லாம் வண்டியைச் சுற்றி வருபவர் டயரில் செருகிய ஆணியையும், பக்கச்சுவரில் எழும்பும் குமிழையும், கழன்ற நட்டையும் பார்த்துவிடுவார். இதையெல்லாம் சென்சார் சொல்லாது.

ஆனால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பது இந்த வழியில் தெரியாது. மேலூரில் நின்று பார்த்துவிட்டு விராலிமலைக்கு முன்னால் நிற்கவில்லை என்றால், நடுவில் உள்ள தூரம் முழுவதும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஒரு கம்பித் துண்டு குத்திக் காற்று வெளியேறச் சில நிமிடங்கள் போதும். கைத்தொடுதலும் ஒரு அளவுக்குத்தான். 55, 60 டிகிரிக்கு மேல் போனால் கையை வைக்க முடியாது. 65-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கை சொல்லாது.

மீட்டர் வாங்கும்போது கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். பேனா மாதிரி வரும் மலிவான மீட்டர்கள் மூன்று, நான்கு பாயிண்ட் தள்ளிக் காட்டலாம். 100 பாயிண்ட் வரை காட்டும் டயல் மீட்டரோ டிஜிட்டல் மீட்டரோ போதும். எல்லா டயருக்கும் எப்போதும் அதே மீட்டரைப் பயன்படுத்துவது முக்கியம்.

வெப்பத் துப்பாக்கி

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அதே முறையில் வேலை செய்வதுதான். பட்டறைகளில் பயன்படுத்தும் வகையை வாங்க வேண்டும். உடம்புக்கானது சூடான டயருக்கு ஆகாது. விலை அதிகமில்லை. ஆனால் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதை ஏன் வாங்காமல் விடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. டயரை விட முக்கியமான ஒன்றை இது காட்டும்: பேரிங்.

கிரீஸ் தீர்ந்த பேரிங்கும், விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக்கும் ஹப்பைத்தான் முதலில் சூடாக்கும். டயர்க் காற்றில் அது தெரிவதற்குள் நேரம் கடந்திருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் வந்து, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, இறங்கியவுடன் ஒவ்வொரு ஹப்பையும் ஒரே தூரத்தில் இருந்து குறிபாருங்கள். அப்புறம் டயரின் தோள்பகுதி, அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் இடம். தனி எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை. அக்னி நட்சத்திரத்தில் மதுரைத் தார்ச்சாலையில் எல்லா டயரும் சூடாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது ஜோடிக்கு ஜோடி வித்தியாசம். இடது ஹப் 48, வலது ஹப் 52 என்றால் கவலை இல்லை. இடது 48, வலது 75 என்றால் அங்கேயே ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

வெயில் படும் பக்கத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். காலையில் திருமங்கலம் வழியாகத் தெற்கே போனால் இடப்பக்கச் சக்கரங்களில் வெயில் அடிக்கும், மாலையில் வலப்பக்கத்தில். அதனால் மட்டுமே சில டிகிரியும், காற்றில் இரண்டு மூன்று பாயிண்டும் கூடும்.

துப்பாக்கியைப் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரப்பர், கறுப்புப் பெயின்ட் மாதிரிப் பளபளப்பில்லாத பரப்பில்தான் அது சரியாகக் காட்டும். பளபளவென்று இருக்கும் அலாய் ரிம்மிலோ குரோம் மூடியிலோ காட்டினால், சுட்டெரிக்கிற ஹப்பையும் குளிர்ந்ததாகக் காட்டிவிடும். ஒவ்வொரு ஹப்பிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு மேட் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டு, எப்போதும் அந்தப் பொட்டிலேயே குறிபாருங்கள்.

குறை என்ன? நிறுத்தினால்தான் தெரியும் என்ற அதே குறைதான்.

மூடி சென்சார்

வால்வு மூடி இருக்கும் இடத்தில் இதைத் திருகிவிட்டால் காற்றையும் சூட்டையும் ரேடியோ அலையில் டேஷ்போர்டில் உள்ள சின்னத் திரைக்கு அனுப்பும். காற்று குறைந்தாலும், வேகமாக இறங்கினாலும், சூடு ஏறினாலும் கீச்சிடும். நாலு, ஆறு என்று சென்சார்கள் சேர்ந்த பெட்டியாக வருகிறது. பேட்டரி சின்ன வட்டப் பேட்டரி, நாமே மாற்றிக்கொள்ளலாம். டியூப் டயருக்கும் போடலாம், டியூப்லெஸ்ஸுக்கும் போடலாம். டயரைக் கழற்ற வேண்டியதே இல்லை. டிரெய்லரை விற்றாலும் சென்சாரைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். இந்தக் காரணங்களால்தான் நம் பக்கத்துக்கு இதை முதலில் சொல்கிறேன்.

ஆனால் பெட்டியைப் பிரித்துத் திருகிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல இது. நாலு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வால்வு. சென்சார் பத்து கிராம்தான் இருக்கும். ஆனால் 12 அங்குல ரிம்மில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும்போது, அந்தப் பத்து கிராம் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை தொங்குவதுபோல வால்வை வெளியே இழுக்கும். ரப்பர் வால்வு தினமும் இப்படி வளைந்து நிமிர்ந்தால் அடியில் வெடித்துப் போகும். சாதாரண ரப்பர் வால்வு 65 பாயிண்டுக்கு மேல் தாங்கவும் செய்யாது. டியூப்லெஸ் டயராக இருந்தால், சென்சார் வாங்கும் அன்றே நட்டு வைத்து முறுக்கும் மெட்டல் வால்வுக்கு மாறிவிடுங்கள். அதற்கான செலவு, ஒரு டயரின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, கசிவு. சாதாரண மூடி வெறும் தூசி காக்கும். ஆனால் மூடி சென்சார் வால்வுக்குள் இருக்கும் பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். அப்படியானால்தான் அதனால் காற்றை அளக்க முடியும். அந்த நிலையில் காற்றை அடைத்து வைத்திருப்பது சென்சாருக்குள் உள்ள சின்ன ரப்பர் வளையம் மட்டுமே. அதில் மண் ஏறினாலோ வெயிலில் காய்ந்து விரிசல் விட்டாலோ மெதுவாகக் காற்று போகும். திருகி முடித்ததும் ஒரு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, வால்வின் மேல் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

மூன்றாவது, உப்புக்காற்று. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் போய் வருபவர்களுக்கு இது முக்கியம். அலுமினிய மரையும் பித்தளை வால்வும் உப்பு ஈரத்தில் ஒன்றோடு ஒன்று அரித்து இறுகிக்கொள்ளும். பிறகு சென்சாரைக் கழற்றப் போனால் வால்வு சேர்ந்தே திருகிக்கொண்டு வரும். கடற்கரையில் இருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, சென்சாரைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

நாலாவது, தூரம். கார் டிரைவர் சீட்டில் இருந்து டிரெய்லரின் பின்சக்கரம் வரை ஏழெட்டு மீட்டர், நடுவில் முழுக்க இரும்பு. அலை வந்து சேராமல் போகும். இதற்கென்றே அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று தனியாகக் கிடைக்கும். டிரெய்லரின் 12 வோல்ட் லைனில் கொடுத்து முன்பக்கம் மாட்டிவிட வேண்டும். ரிப்பீட்டர் தேவையா இல்லையா என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் மாட்டி, கார் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்துவிட்டு, கடைசிச் சக்கரத்தின் சென்சாரை நீங்கள் திருகிக் கழற்றுங்கள். உடனே கீச்சிட வேண்டும். கீச்சிடவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்காமல் ஊர் தாண்டாதீர்கள். திரையில் எண் தெரிகிறதே என்பதை மட்டும் நம்பக்கூடாது. பல கருவிகள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அது நேற்று சாயங்காலத்து எண்ணாகவும் இருக்கலாம்.

சாலையோரம் இரவு நிறுத்தும்போது சென்சார் களவு போவதும் உண்டு. பூட்டு நட்டோடு வரும் வகையில் இந்தப் பயம் குறைவு, ஆனால் காற்றுப் பிடிக்க ஒவ்வொரு முறையும் அந்தக் குட்டி ஸ்பேனரைத் தேட வேண்டும். நான் பூட்டு நட்டையே விரும்புவேன்.

அது காட்டும் சூட்டு எண்ணை எப்படிப் படிப்பது?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். மூடி சென்சார் இருப்பது டயருக்கு வெளியே, வால்வின் நுனியில். ஓடும்போது காற்று அதன் மேல் வீசிக்கொண்டே இருக்கும். ஆகவே அது காட்டும் 50 டிகிரி, டயர் ரப்பரின் சூடு அல்ல. பட்டனுக்கு அடியில் அதைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கும். மூடி சென்சாரில் 70 வரும்வரை ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவது ஆபத்து. இதிலும் ஜோடியோடு ஒப்பிடுவதுதான் வழி. மற்ற மூன்றும் 46, 47 என்று நிற்கும்போது ஒன்று மட்டும் 55-க்கு ஏறுகிறது என்றால், எச்சரிக்கை அடிக்காவிட்டாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் சூடு காட்டாத மலிவு சென்சார் போதாதா? போதாது. மெதுவாகக் கசியும் டயரில் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. காற்று வெளியேறுவதால் அழுத்தம் இறங்குகிறது, காற்று குறைவதால் டயர் சூடாகி அழுத்தம் ஏறுகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டி, திரையில் எண் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். மற்ற டயர்களெல்லாம் 50-ல் இருந்து 56-க்கு ஏறிவிட்ட பிறகும் ஒன்று மட்டும் 51-லேயே நின்றால், அதுதான் நோயாளி. காற்றும் சூடும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

எச்சரிக்கை அளவை வைக்கும்போதும் இதை மனதில் வையுங்கள். குளிர்ந்த நிலையில் 50 என்றால் கீழ் எல்லையை 44-ல் வைப்பேன். ஓட்டத்தில் 56-க்கு ஏறியிருக்கும் டயர் 44-க்கு வரும்போது 12 பாயிண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். கார்களின் கணக்கில் 25 சதவீதம் என்று விட்டால் 37-ல்தான் கீச்சிடும். சுமை டிரெய்லருக்கு அது மிகவும் தாமதம். மேல் எல்லை 63, 64 இருக்கலாம். சூட்டுக்கு 70 டிகிரி.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மதுரையில் காலை 30 டிகிரியில் 50 வைத்துக் கிளம்பி, மேலே ராத்திரி தங்கி, 12 டிகிரிக் குளிரில் எழுந்து பார்த்தால் காற்று மீட்டர் 49 காட்டும், சென்சாரோ 46 காட்டும். இரண்டும் கெட்டுப்போகவில்லை. 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியைவிட மூன்று பாயிண்ட் குறைவு. கை மீட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. பல சென்சார்கள் கடல்மட்டக் காற்றின் அழுத்தத்தையே மனதில் வைத்துக் கழிக்கின்றன. அங்கே மேலே காற்றுப் பிடித்து 50-ஆக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை.

இறங்கும்போதுதான் சூட்டைப் பார்க்க வேண்டும். பெருமாள்மலையில் இருந்து காட்ரோடு வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரெய்லரின் பிரேக் டிரம் கொதிக்கும். அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் வால்வுக்கும் ஏறும். கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்குங்கள், டம்டம் பாறைப் பக்கம் வாகாக இடம் பார்த்து நிறுத்தித் துப்பாக்கியை எடுங்கள். இங்கே எல்லா ஹப்பும் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் தெரிய வேண்டிய செய்தியே.

உள் சென்சார் யாருக்கு?

டயருக்குள், வால்வின் அடியில் ரிம்மோடு ஒட்டி உட்காரும் வகை இது. உள்காற்றின் சூட்டையே நேராக அளப்பதால் சூட்டு எண் மூடி சென்சாரைவிட நம்பத் தகுந்தது. களவு போகாது, கல் அடிக்காது, கசிவுப் பயம் இல்லை. பேட்டரி ஐந்து வருடம், அதற்கு மேலும் வரும், ஆனால் தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். டியூப் டயருக்கு ஆகாது.

கருவியைப் பொறுத்தவரை இதுதான் மேல். தடையாக இருப்பது நம் சாலையும் பஞ்சர் கடையும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் பஞ்சர் ஆனால், கிடைக்கிற கடையில் டயர் கழற்றும் மெஷின் இருக்காது. இரண்டு லிவரும் ஒரு சுத்தியலும்தான். லிவரை வால்வுப் பக்கம் நுழைத்தால் சென்சாரின் பிளாஸ்டிக் உடம்பு நொறுங்கிவிடும். பக்கத்தில் நின்று, "வால்வுகிட்ட விடாதீங்கண்ணே, உள்ள ஒரு டப்பி இருக்கு. எதிர்ப்பக்கத்துல இருந்து எடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுக்கொண்டு பக்குவமாகவே எடுப்பார்கள். டயரின் மேல் வால்வுக்கு நேராக வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தால் இன்னும் நல்லது. பஞ்சருக்கு உள்ளே ஊற்றும் திரவத்தை இந்த டயரில் ஊற்றக்கூடாது, சென்சாரின் துளை அடைத்துக்கொள்ளும்.

புது டிரெய்லர் வாங்குகிறீர்கள், டியூப்லெஸ் டயர், இரண்டு ஆக்சில், பெரும்பாலும் நாலுவழிச் சாலையில்தான் ஓட்டம், டயர் வேலையெல்லாம் மதுரையில் மெஷின் உள்ள ஒரே கடையில்தான் என்றால் உள் சென்சார் போடுங்கள். புது டயர் மாட்டும் நாளிலேயே போட்டால் கூலியும் மிச்சம்.

புளூடூத் வகை காரைப் பொறுத்தவரை சரி. டிரெய்லரில் அந்த அலை டிரைவர் சீட் வரை வந்து சேர்வதே சந்தேகம். செல்போன் மேப்பும் பாட்டும் ஓடும்போது, பின்னால் ஓடும் ஆப்பைப் போன் தானாகவே நிறுத்திவிடலாம். அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காத கருவி, கருவியே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் நாம் அதை நம்பிக்கொண்டிருப்போம்.

கையில் பணம் குறைவு, இப்போது எல்லாவற்றையும் வாங்க முடியாது என்று கேட்பவர்களுக்கு: ஒற்றை ஆக்சில் சின்ன டிரெய்லர், அழகர்கோவில், நத்தம், சிறுமலை அடிவாரம் என்று பக்கத்திலேயே ஓட்டம் என்றால் நல்ல காற்று மீட்டரும் வெப்பத் துப்பாக்கியும் வாங்கி, முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நாலுவழிச் சாலையில் தூரப் பயணம் என்றால் சென்சாரைத் தள்ளிப் போடாதீர்கள். அங்கே வேகமும் அதிகம், நிறுத்தமும் குறைவு.

அலாரம் அடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு, வேகம் தானாகக் குறைய விட்டு, இடது ஓரம் கெட்டித் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். அடுத்த டீக்கடை வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் பஞ்சர் ஒட்டி ஓட்டியிருக்க வேண்டிய டயர் தூக்கிப்போட வேண்டிய டயராகிறது. காரின் ஜாக்கி டிரெய்லரின் உயரத்துக்கும் எடைக்கும் ஒத்துவருமா என்பதை வீட்டிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள். சென்சார் வாங்கும்போது ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஒன்று வாங்குங்கள். டிரெய்லரின் பின்னால் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெப்னியில் யாரும் காற்றுப் பார்ப்பதில்லை.